முப்பந்தலில் பிறந்த ஒரு டன்

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டிகள் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வந்ததும் வேகம் குறைக்கும். ஓட்டுநர் ஒரு கையால் கும்பிட்டுக்கொள்வார். சிலர் இறங்கிக் காணிக்கை போட்டுவிட்டே கிளம்புவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் ஜன்னல் வழியே பார்த்தால் போதும். வயல், வாழைத்தோட்டம், பொட்டல், குளத்தங்கரை என எங்கும் காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடம் இது. கேரளக் கரையில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயின் இடுக்கில் நெருங்கிப் புகுந்து, இந்தப் பக்கம் வேகமெடுத்து விழுகிறது. வைகாசியில் ஏறும் காற்று புரட்டாசியில்தான் இறங்கும்.

இந்தக் கணவாயில் பிறந்து, ஜெர்மனியின் பான் நகரத்துப் பதிவேடு ஒன்றில் எண் வாங்கி, லண்டனில் கைமாறி, ஐரோப்பாவின் ஏதோ ஒரு நிலக்கரி மின்நிலையத்தின் கணக்கில் முடிந்துபோன ஒரு பொருளின் வரலாற்றைச் சொல்லப் போகிறேன். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. வானத்துக்குப் போகாமல் நின்றுபோன ஒரு டன் கரியமில வாயு, அதுதான் பொருள். ஊரில் கார்பன் கிரெடிட் என்பார்கள். ஐ.நா. வைத்த பெயர் 'சான்றளிக்கப்பட்ட உமிழ்வுக் குறைப்பு'. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக சி.இ.ஆர். என்பார்கள்.

ஒரு டன் வாயு என்றால் எவ்வளவு இடம் பிடிக்கும்? நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு பெட்டி செய்தால் அதை அடைத்து வைக்கலாம். ஒரு மாடி வீட்டை அப்படியே அந்தப் பெட்டிக்குள் இறக்கிவிடலாம். அவ்வளவு வாயுவை மிச்சப்படுத்த ஒரு காற்றாலை எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அந்த நாள்களில் தென்னிந்திய மின்தொகுப்பு பெரும்பாலும் நிலக்கரியை நம்பியிருந்தது. மத்திய மின்சார ஆணையம் 2006 முதல் வெளியிட்டுவரும் பட்டியல்படி, ஆயிரம் யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.9 டன் கரியமில வாயு. ஆக, சுமார் 1,100 யூனிட் காற்று மின்சாரம் தொகுப்புக்குள் போனால் ஒரு டன் மிச்சம் என்று எழுதிக்கொள்ளலாம். 1,250 கிலோவாட் காற்றாலை ஆடிக்காற்றில் முழு வேகத்தில் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் அது நடந்து முடிந்துவிடும்.

பிறந்ததற்குச் சாட்சி மின்வாரிய மீட்டர். மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய ஊழியரும் காற்றாலை உரிமையாளரின் ஆளும் சேர்ந்து நின்று ரீடிங் எடுப்பார்கள். எக்ஸ்போர்ட் இத்தனை யூனிட், இம்போர்ட் இத்தனை யூனிட். காற்று அடங்கிய நாள்களில் காற்றாலையும் தன் கருவிகளுக்காக வெளியில் இருந்து கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். அதைக் கழித்தது போக மீதிதான் வரவு. இருவரும் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் கரியமில வாயு என்ற சொல்லே இருக்காது. ஆனால் பான் வரைக்கும் போகிற கணக்கின் முதல் வரி அதில்தான் எழுதப்படுகிறது.

இத்தனை யூனிட் மின்சாரம் போனது என்பது மீட்டர் காட்டிய உண்மை. அதனால் இத்தனை டன் வாயு வராமல் போனது என்பது நாம் போட்ட கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இந்தப் பொருளின் நல்லதும் கெட்டதும் எல்லாம் நடந்தன. அதனால் அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம்.

அசுத்தத்துக்கு விலை வைக்கலாம் என்ற யோசனை நூறு வருடப் பழசு. ஆலைக்காரர் லாபம் எடுத்துக்கொள்கிறார், புகையை ஊர் சுவாசிக்கிறது. அந்தச் செலவை அவர் தலையிலேயே வரியாகக் கட்டு என்று 1920-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஆர்தர் பிகூ எழுதினார். 1968-இல் கனடாவின் ஜான் டேல்ஸ் வேறு வழி சொன்னார். மொத்தம் இவ்வளவுதான் கழிவு விடலாம் என்று அரசு வரம்பு கட்டட்டும். அந்த அளவுக்கு மட்டும் அனுமதிச் சீட்டுகளை வெளியிடட்டும். சீட்டை வாங்குவதும் விற்பதும் ஆலைகளின் பாடு. குறைந்த செலவில் கழிவைக் குறைக்க முடிந்தவர் மிஞ்சிய சீட்டை விற்பார், முடியாதவர் வாங்குவார். ஆனால் மொத்த வரம்பு மட்டும் அசையாது.

அது ஏட்டுச் சுரைக்காயாக நிற்காமல் கறிக்கு உதவியது அமெரிக்காவில். நிலக்கரி மின்நிலையங்கள் விட்ட கந்தக டை ஆக்சைடு, மழையோடு சேர்ந்து அமில மழையாகி, வடகிழக்கு ஏரிகளில் மீன்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1990 நவம்பரில் மூத்த புஷ் கையெழுத்திட்ட சட்டம், கந்தக டை ஆக்சைடின் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சீட்டு என்று விதித்தது. 1995-இல் முதல் கட்டமாக 110 மின்நிலையங்கள் உள்ளே வந்தன. புகைபோக்கிகளில் தொடர்ந்து அளக்கும் கருவி பொருத்த வேண்டும். அளந்ததை அரசுக்கு அனுப்ப வேண்டும். சீட்டுக்கு மேல் ஒரு டன் கூடினாலும் 2,000 டாலர் அபராதம், அது போக அடுத்த வருடச் சீட்டிலும் ஒன்று கழியும். 1990-இல் மின்நிலையங்கள் விட்டது 157 லட்சம் டன் அளவு. 2010-இல் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. பின்னால் வந்த வேறு விதிகளும் அதற்குத் துணைநின்றன என்றாலும், தொழில்துறை முதலில் பயமுறுத்திய செலவில் மிகச் சிறு பகுதிதான் ஆனது. சந்தையை நம்பாதவர்களும் இந்தக் கதையைக் கேட்டால் சற்று நின்று யோசிப்பார்கள். நானும் அப்படித்தான். புகைபோக்கியில் கருவி, மொத்தத்துக்கு வரம்பு, மீறினால் வலிக்கிற தண்டனை. இவை மூன்றும் இருந்ததால்தான் அங்கே சந்தை வேலை செய்தது.

1997 டிசம்பரில் கியோட்டோவில் உலக நாடுகள் கூடியபோது இந்த வெற்றி எல்லோர் மனதிலும் இருந்தது. பணக்கார நாடுகள் 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் தங்கள் உமிழ்வை 1990 அளவைவிடச் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைக்க வேண்டும் என்று முடிவானது. பிரேசில் ஒரு கோரிக்கையோடு வந்திருந்தது: வாக்கைக் காப்பாற்றாத பணக்கார நாடு அபராதம் கட்டட்டும், அந்தப் பணம் ஏழை நாடுகளின் தூய தொழில்நுட்பத்துக்கு நிதியாகப் போகட்டும். பேச்சுவார்த்தை முடிவதற்குள் அந்தக் கோரிக்கை உருமாறிவிட்டது. அபராதம் போய்ச் சந்தை வந்தது. பணக்கார நாடு தன் வீட்டில் குறைக்காமல், ஏழை நாட்டில் நடந்த குறைப்பை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் காட்டிக்கொள்ளலாம் என்றானது. பெயர் தூய வளர்ச்சிச் செயல்முறை, தொழிலில் சி.டி.எம். கியோட்டோ உடன்படிக்கையின் 12-வது பிரிவு. நம் முப்பந்தல் டன்னுக்குச் சட்டப்படி தாய் வீடு அந்தப் பிரிவுதான்.

ஆனால் டேல்ஸ் சொன்ன சீட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே ஆலை வெளியே விட்டதை அளந்தார்கள். இங்கே விடாமல் போனதை அளக்க வேண்டும். இந்தியாவுக்கு கியோட்டோவில் வரம்பு எதுவும் இல்லை. எனவே 'இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்' என்று ஒரு கற்பனை இந்தியாவை எழுதி, அதில் இருந்து நிஜ இந்தியாவைக் கழித்து, மீதியை விற்க வேண்டும்.

இந்தக் கற்பனை எழுதப்பட்ட இடங்கள் கோயம்புத்தூர், திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை அலுவலகங்கள். தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் கணிசமானவை ஆலைக்காரர்களுடையவை. கதிர்கள் இரவு பகலாக ஓடும் தொழில். மின்கட்டணம் கழுத்தை இறுக்கும். முப்பந்தலிலோ உடுமலைப்பேட்டையிலோ கம்பம் பள்ளத்தாக்கிலோ சொந்தக் காற்றாலை நிறுத்தி, அந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் அனுப்பி, தங்கள் ஆலைக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமான டாஸ்மா, உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்து சி.டி.எம். திட்டமாகப் பதிவு செய்தது. ஒற்றைக் காற்றாலை வைத்திருப்பவரால் ஆலோசகர் கட்டணமும் ஆய்வாளர் கட்டணமும் தாங்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பஸ் பிடிப்பது போலத்தான்.

திட்ட ஆவணத்தில் எல்லாவற்றிலும் கடினமான அத்தியாயம் ஒன்று உண்டு. 'கார்பன் பணம் வராவிட்டால் நான் இந்தக் காற்றாலையைக் கட்டியிருக்க மாட்டேன்' என்று நிரூபிக்க வேண்டும். இதைக் கூடுதல்தன்மை என்பார்கள். அதற்கு ஆடிட்டர் போட்ட வரவு செலவுக் கணக்கு வேண்டும். முதலீட்டில் கிடைக்கும் பலன், தொழிலில் வழக்கமாக எதிர்பார்க்கும் பலனைவிடக் குறைவு என்று அதில் தெரிய வேண்டும். காற்றாலைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே கார்பன் வருமானத்தைப் பற்றி நிர்வாகக் குழு பேசியது என்பதற்குத் தீர்மான நகல் போன்ற சான்று வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் டெல்லியில், 2003 டிசம்பரில் அமைக்கப்பட்ட தேசிய சி.டி.எம். ஆணையத்தின் ஒப்புதல் கடிதம் கிடைக்கும்.

இங்கேதான் கதை கரடுமுரடாகிறது. தமிழ்நாட்டுக்குக் காற்றாலை சி.டி.எம். கொண்டுவந்த விஷயம் இல்லை. 1986-லேயே தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் முன்னோட்டக் காற்றாலைகள் சுற்றின. 90-களில் தனியார் இறங்கினார்கள். முதல் வருடத்திலேயே காற்றாலையின் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வருமான வரியில் கழிக்க அரசு அனுமதித்தது. பின்னர் அது 80 சதவீதம் ஆனது. முதல் கார்பன் சான்று உலகில் பிறப்பதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2,000 மெகாவாட் காற்றாலைகள் நின்றுவிட்டன. அப்படி இருக்க, 2006-இல் ஓர் ஆலைக்காரர் நிறுத்திய காற்றாலை கார்பன் பணத்துக்காக வந்ததா, வரிச் சலுகைக்காக வந்ததா, மின்வெட்டுப் பயத்தில் வந்ததா? அவரைக் கேட்டாலும் மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே மனதில் மூன்றும் இருந்திருக்கும். ஆலைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. சட்டம் ஒரு படிவம் கொடுத்தது, அவர் நிரப்பினார். விடையே இல்லாத கேள்விக்குக் கட்டாயமாக விடை கேட்ட படிவத்தில்தான் குறை.

ஐ.நா. அங்கீகரித்த ஆய்வு நிறுவனத்தின் ஆள்கள் வருவார்கள். ஒருமுறை திட்டத்தைப் பதிவு செய்யும் முன்பு, பிறகு உற்பத்திக் கணக்கைச் சரிபார்க்க. மீட்டரின் சீல் எண், அளவு சரியென்று சோதித்த தேதி, மின்வாரிய மாதாந்திர அறிக்கை எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள். அவர்களுக்குக் கட்டணம் கொடுப்பதும் திட்டக்காரர்தான் என்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு ஓட்டை. அறிக்கை பானில் இருக்கும் ஐ.நா. காலநிலை மாற்றச் செயலகத்துக்குப் போகும். காற்று வீசி முடிந்து ஒரு வருடம் கழித்துச் சான்று கையில் கிடைப்பது அன்று சாதாரணம்.

உலகின் முதல் சி.இ.ஆர். சான்றுகள் 2005 அக்டோபரில் ஹோண்டுராஸ் நாட்டின் இரண்டு சிறு நீர்மின் திட்டங்களுக்கு வழங்கப்பட்டன. அதன் பிறகு பான் பதிவேடு வேகமாக நிரம்பியது. நம் டன்னுக்கு அங்கே கிடைக்கும் எண் 'ஐ.என்.' என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கும், அது இந்தியா. அடுத்து 5 என்ற இலக்கம், இது சி.டி.எம். வழியாக வந்த சான்று என்று பொருள். பிறகு வரிசை எண், கியோட்டோவின் முதல் காலகட்டத்தைக் குறிக்கும் 1, கடைசியில் திட்டத்தின் எண். காகிதம் கிடையாது, பதிவேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். நூறு பிறந்தால் அதில் இரண்டை வாசலிலேயே எடுத்துக்கொள்வார்கள். பருவநிலை மாற்றத்தால் அடிபடும் ஏழை நாடுகளுக்கான தகவமைப்பு நிதிக்கு அது போகும். பணக்கார நாடுகளின் தயவில் நிற்காமல் தானாகச் சேர்ந்த சர்வதேச நிதி அது. இந்த ஏற்பாட்டில் நான் முழு மனதோடு பாராட்டும் பகுதி அதுதான்.

விலை என்ன? 2008-இன் நல்ல நாள்களில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு சி.இ.ஆர். 15 யூரோவுக்கு மேல் போனது. அன்றைய மதிப்பில் 900 ரூபாய்க்கு மேல். 1,100 யூனிட்டால் வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 80 காசு. மின்வாரியமே காற்று மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவாகக் கொடுத்துவந்த காலம் அது. முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது என்றாலும், மேல்வருமானமாக நினைத்தால் சின்னத் தொகை இல்லை.

அதே பதிவேட்டில், அதே 'ஐ.என்.' முத்திரையோடு, நம் டன்னுக்குப் பக்கத்தில் வேறொரு டன் படுத்திருந்தது. பிறந்த இடம் குஜராத்தின் ரஞ்சித்நகர். அங்கே குளிர்சாதனங்களுக்கான எச்.சி.எஃப்.சி.-22 வாயு செய்யும் தொழிற்சாலை. அதைச் செய்யும்போது வேண்டாத துணைவாயுவாக எச்.எஃப்.சி.-23 வரும். அன்றைய கணக்குப்படி அதன் ஒரு டன் கரியமில வாயுவின் 11,700 டன்னுக்குச் சமம். அதை எரித்து அழித்தால் ஒரே டன்னுக்கு 11,700 சான்றுகள். எரிக்கும் செலவோ ஒரு சான்றுக்கு ஒரு யூரோகூட ஆகாது. முப்பந்தலில் ஒரு காற்றாலை ஆடி முழுக்கச் சுற்றிச் சேர்த்ததை ஓர் எரிகலன் சில மணி நேரத்தில் தாண்டிவிடும். இப்படிப்பட்ட 19 தொழிற்சாலைகள் பதிவாயின, பெரும்பாலானவை சீனாவில். உலகில் வழங்கப்பட்ட சான்றுகளில் ஆரம்ப வருடங்களில் பெரும்பங்கு இவர்களுடையது. அழிப்பதற்குக் கிடைக்கும் பணம் குளிர்வாயுவை விற்றுக் கிடைக்கும் பணத்தையே மிஞ்சியதால், அழிப்பதற்காகவே கூடுதலாகத் தயாரிக்கிறார்களோ என்ற சந்தேகம் 2010-இல் வெடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 மே மாதம் முதல் இந்தச் சான்றுகளை ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, எச்.எஃப்.சி.-23-ஐ உங்கள் செலவிலேயே எரியுங்கள் என்று தொழிற்சாலைகளுக்கு உத்தரவிட்டது. ஓர் அரசாணையில் முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு உலகம் பத்து வருடம் சந்தை விலை கொடுத்துக்கொண்டிருந்தது.

முப்பந்தல் டன்னுக்குத் திரும்புவோம். வாங்கியவர் லண்டனின் ஒரு தரகர் என்று வைத்துக்கொள்வோம். வானத்தில் எதுவும் நகராது. பான் பதிவேட்டில் இருந்து பிரிட்டன் பதிவேட்டுக்கு ஒரு வரி தாவும். அங்கிருந்து ஒரு வங்கி, அங்கிருந்து இன்னொருவர், கடைசியில் ஓர் ஐரோப்பிய மின்நிலையம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரியில் தனக்கென உமிழ்வுச் சந்தை தொடங்கியிருந்தது. ஒவ்வொரு ஆலையும் முந்தைய வருடம் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு அனுமதிச் சீட்டை ஏப்ரல் 30-க்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது அன்றைய விதி. சொந்தச் சீட்டுக்குப் பதிலாக, ஓர் அளவு வரைக்கும், விலை குறைந்த சி.இ.ஆர். கொடுத்தாலும் அன்று செல்லுபடியானது. 2008 முதல் 2012 வரை இப்படி ஒப்படைக்கப்பட்ட வெளிநாட்டுச் சான்றுகள் 100 கோடிக்கும் மேல்.

ஒப்படைத்த கணத்தில் நம் டன் ஓய்வுக் கணக்குக்குப் போகும். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் அது சாகும்போது ஒன்றைப் பிறப்பித்துவிட்டுத்தான் சாகிறது. அதைக் கொடுத்த மின்நிலையத்துக்கு இன்னொரு டன் புகையை வெளியே விட உரிமை கிடைக்கிறது. அந்தப் புகைபோக்கியில் இருந்து வந்த டன் நிஜம், அளந்து பார்க்கலாம். முப்பந்தலில் வராமல் போனதாக எழுதிய டன்னும் நிஜமாக இருந்தால் உலகத்தின் கணக்கு சமன். அது பொய்யாக இருந்தால் வானத்தில் ஒரு டன் கூடிவிட்டது, அதற்கு ஐ.நா. முத்திரையும் விழுந்துவிட்டது.

செத்த சான்று எழுந்து நடந்ததும் உண்டு. 2010 மார்ச்சில், ஆலைகள் ஒப்படைத்துவிட்ட சான்றுகளை ஹங்கேரி அரசு மறுபடி விற்றது. கியோட்டோ விதியின் ஒரு சந்தில் நின்று பார்த்தால் அது சட்டப்படி சரி. அரசு தன் கணக்கை வேறு சீட்டுகளால் நேர்செய்துகொண்டது. ஆனால் விற்ற சான்றுகள் கைமாறி ஐரோப்பியச் சந்தைக்கே திரும்பி வந்தன. ஏற்கெனவே ஒருமுறை செலவான சான்று எது, புதியது எது என்று பிரித்தறிய முடியாமல் பாரிஸின் புளூநெக்ஸ்ட் சந்தை சி.இ.ஆர். வணிகத்தைச் சில நாள் நிறுத்தி வைத்தது. அடுத்த ஜனவரியில் கணினிக்குள் புகுந்து அனுமதிச் சீட்டுகளையே திருடினார்கள். ஐரோப்பா முழுக்கப் பதிவேடுகளை மூட வேண்டி வந்தது.

அதற்குப் பிறகு வந்தது வீழ்ச்சி. ஐரோப்பாவில் பொருளாதார மந்தம். ஆலைகள் குறைவாக ஓடின, சீட்டுகள் மிஞ்சின. அமெரிக்கா கியோட்டோவில் சேரவே இல்லை, ஜப்பான் இரண்டாம் காலகட்டத்தில் இருந்து விலகியது. 2012-க்குப் பிறகு பதிவாகும் திட்டங்களில் மிகப் பின்தங்கிய நாடுகளில் இருந்து மட்டுமே வாங்குவோம் என்று ஐரோப்பா அறிவித்தது. கதவு மூடும் முன் உள்ளே நுழைய எல்லோரும் முண்டியடித்ததில் சான்றுகள் குவிந்தன. 2012 முடிவில் ஒரு சி.இ.ஆர். அரை யூரோவுக்கும் கீழே. யூனிட்டுக்கு 80 காசாக இருந்தது மூன்று காசு அளவுக்கு வந்துவிட்டது. சரிபார்க்க வரும் ஆய்வாளரின் கட்டணத்துக்கே அது காணாது. காற்று வழக்கம்போல வீசியது, காற்றாலை வழக்கம்போலச் சுற்றியது, மீட்டர் வழக்கம்போல ஏறியது. ஆனால் அந்த டன்களுக்கு எண் வாங்க யாரும் மெனக்கெடவில்லை.

இப்படிக் கார்பன் பணம் நின்றுபோன பிறகும் தமிழ்நாட்டில் புதிய காற்றாலைகள் வந்துகொண்டுதான் இருந்தன. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அப்படியானால் அந்த வருடங்களில் விற்ற சான்றுகளின் கதி? ரஃபேல் காலெல், ஜொனதன் கோல்மர் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் இந்தியாவின் 1,350 காற்றாலைப் பண்ணைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். சி.டி.எம். சான்றுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய பண்ணைகளுக்கே போயின என்பது அவர்கள் கண்டது. ஐரோப்பிய ஆணையத்துக்காக ஜெர்மனியின் ஓகோ நிறுவனம் 2016-இல் கொடுத்த அறிக்கை இன்னும் கடுமை: அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில் 85 சதவீதம் நிஜமான கூடுதல் குறைப்பைத் தந்திருக்க வாய்ப்பு குறைவு.

முப்பந்தலில் பிறந்த டன்களில் ஏறக்குறைய பாதி பிறக்கவே இல்லை என்று இதை வாசிக்கலாம். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. காற்றாலை நிஜம், மின்சாரம் நிஜம், அதைக் கட்டிய ஆலைக்காரரின் கடன் நிஜம். அதன் பேரைச் சொல்லி எங்கோ ஒரு நிலக்கரி உலைக்கு விட்ட அனுமதிதான் தப்பு.

அதே ஐரோப்பியச் சந்தையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். தொடக்கத்தில் அங்கேயும் சீட்டுகளை வாரி இறைத்தார்கள். 2006 ஏப்ரலில் உண்மையான உமிழ்வுக் கணக்கு வெளியானதும் விலை சரிந்து, 2007-இல் ஏறக்குறைய பூஜ்யம் ஆனது. ஆனால் அவர்கள் பாடம் கற்றார்கள். வருடா வருடம் வரம்பை இறக்கினார்கள். இலவசச் சீட்டைக் குறைத்து ஏலம் விட்டார்கள். 2019 முதல் மிஞ்சிய சீட்டுகளைச் சந்தையில் இருந்து உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். 2021-இல் இருந்து வெளிநாட்டுச் சான்றுகளுக்கு அங்கே இடமே இல்லை. 2023 பிப்ரவரியில் ஒரு டன் சீட்டு முதல்முறையாக 100 யூரோவைத் தாண்டியது. அந்தச் சந்தைக்குள் இருக்கும் மின்நிலையங்களும் ஆலைகளும் 2023-இல் விட்ட உமிழ்வு 2005 அளவைவிட 47 சதவீதம் குறைவு. வரம்பும் அளவுகோலும் நேர்மையாக இருந்தால் விலை வேலை செய்யும் என்பதற்கு அமில மழைக்குப் பிறகு கிடைத்த இரண்டாவது சாட்சி இது.

பழைய சான்றுகளுக்கு மறுவாழ்வும் கிடைத்திருக்கிறது. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2013 முதல் பதிவான திட்டங்களின் சி.இ.ஆர். சான்றுகளைப் பாரிஸ் ஒப்பந்தத்தின் முதல் இலக்குகளுக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். அந்த முடிவு தப்பு என்றே நான் நினைக்கிறேன். பத்து வருடம் முன்பு வீசி முடிந்த காற்றை இன்று வாங்கினால் இன்றைய வானத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

இப்போது அந்தப் பொருள் நம் ஊருக்கே வேறு உருவில் திரும்பி வருகிறது. 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் கார்பன் சான்று வணிகத் திட்டத்தை இந்திய அரசு அறிவித்தது. சிமென்ட், அலுமினியம், இரும்பு, சுத்திகரிப்பு ஆலை, உரம், காகிதம் ஆகியவற்றோடு ஜவுளியும் பட்டியலில் இருக்கிறது. 2025 அக்டோபரில் முதல் கட்டமாக நான்கு துறைகளுக்கு ஆலைவாரியாக இலக்கு வந்துவிட்டது. கியோட்டோ காலத்தில் சான்றை விற்க மட்டும் தெரிந்த நம் ஆலைகள், இனி இலக்கைத் தாண்டினால் வாங்கவும் வேண்டும். ஐரோப்பாவுக்கு இரும்பும் அலுமினியமும் அனுப்புகிறவர்களுக்கு 2026 முதல் எல்லையிலேயே கார்பன் விலை காத்திருப்பதால், இங்கே கணக்கு சரியாக இருப்பது அவர்களுக்கும் நல்லது.

இந்தத் திட்டத்தில் மொத்த வரம்பு இல்லை. ஒரு டன் சிமென்டுக்கு இவ்வளவு உமிழ்வு என்ற விகிதம்தான் இலக்கு. உற்பத்தி இரட்டிப்பானால், விகிதம் குறைந்தாலும் மொத்தப் புகை கூடும். வளரும் நாடு இப்படித் தொடங்குவதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விகிதத்தில் இருந்து மொத்த வரம்புக்கு எந்த வருடம் மாறுவோம் என்பதை அரசு இப்போதே சொல்லிவிட வேண்டும். முப்பந்தல் டன்னின் கதை தெரிந்தவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு விட்டது, இலக்கு என்ன, எத்தனை சான்று வாங்கியது, யாரிடம் வாங்கியது, யார் சரிபார்த்தார், அவருக்குக் கட்டணம் கொடுத்தது யார் என்பதை வருடா வருடம் பொதுவில் வையுங்கள். ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே குடியிருப்பவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி, தமிழிலும் வையுங்கள்.